ஏறுகயிறு முரண்டு பிடித்தால்: மரம் கழிப்பவர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அடுத்த பல வாரங்களுக்கு எங்கள் பக்கத்தில் மரம் ஏறத் தெரிந்த ஒருவரும் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. கூரைமேல் சாய்ந்த தென்னைகள், பாதி முறிந்து தொங்கும் புளியங்கிளைகள், சாலைக்குக் குறுக்கே தலையை விட்ட தூங்குமூஞ்சி மரங்கள். ஏறியவர்களில் பலருடைய இடுப்பில் இருந்தது கிணற்றுக் கயிறு, இல்லையென்றால் லாரியில் பாரம் கட்டும் பிளாஸ்டிக் கயிறு. நானும் அப்படித்தான் ஏறினேன். முறையான ஏறுகயிறு, ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்ப்பட்டை), கொக்கி எல்லாம் அதற்குப் பிறகுதான் என் கைக்கு வந்தன.

சாமான் வந்தவுடன் ஆபத்து போய்விடவில்லை. ஆனால் ஒன்று மாறியது. நல்ல சாமான் பெரும்பாலும் கைவிடும் முன் ஏதாவது ஒரு வகையில் சொல்லிவிடுகிறது. முடிச்சு ஒரு விரற்கடை வழுக்கும், கொக்கி கடைசி நூலளவு மூடாமல் நிற்கும், கயிற்றில் ஓரிடம் மட்டும் கைக்கு வேறு மாதிரி படும். அந்தச் சொல்லைக் கேட்டு எதைப் பார்ப்பது, எதை மாற்றுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நேராக மரத்தில் ஏறிவிடாதீர்கள். கற்றுத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பல நாள் பழகியவர்களுக்கான குறிப்பு இது.

நான் மனதில் வைத்திருக்கும் அமைப்பு எளிமையானது. கயிறு மேலே ஒரு கவையைச் சுற்றி இரண்டு காலாகத் தொங்குகிறது. ஒரு கால் ஹார்னஸில் கட்டப்பட்டிருக்கிறது. மற்றக் காலில் சிறுகயிற்றால் போட்ட பிடிமுடிச்சு நம்மைத் தாங்குகிறது. பாரம் விழுந்தால் முடிச்சு பிடிக்கும், கையால் தளர்த்தினால் இறக்கும். இதற்குத் துணையாக மரத்தைச் சுற்றிக் கட்டும் இடுப்புக் கயிறு ஒன்று.

ஒரே ஒரு கட்டளை: அறிகுறி தெரிந்தால் இடுப்புக் கயிற்றை மாட்டுங்கள், பாரத்தை அதில் வையுங்கள், இறங்க முடிந்தால் இறங்குங்கள். கோளாறைத் தரையில் தேட வேண்டும்.

பிடிமுடிச்சு வழுக்குகிறது

வெட்டாற்றங்கரையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அக்காள் மகன் முதன்முறையாகத் தன் கையால் முடிச்சுப் போட்டு, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து பார்த்தான். முடிச்சு பிடித்தது. இரண்டு மூச்சு விட்டான். பிறகு சத்தமே இல்லாமல், எண்ணெய் தடவியதுபோல, நான்கு விரற்கடை கீழே வந்தது.

“மாமா, பிடித்துவிட்டது, லேசாகத்தான் வழுக்குகிறது. ஏறிவிடட்டுமா?”

“இறங்கு. லேசாக என்று ஒன்று கிடையாது.”

சுற்றுகளை எண்ணிப் பார்த்தோம். அவன் போட்டது பிரஸிக் என்ற வகைப் பிடிமுடிச்சு. அதில் சிறுகயிறு மூன்று தடவை சுற்றப்பட்டு, ஏறுகயிற்றின்மேல் ஆறு வளையம் தெரிய வேண்டும். அவனுடையதில் நான்குதான் இருந்தன. முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: எண்ணிக்கை. அடுத்து, வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கோரைப்பாய்போல் வரிசையாகப் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறுக்கே ஏறியிருந்தாலும் பிடி பாதியாகிவிடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் வழுக்கினால் சிறுகயிற்றின் தடிமனைப் பாருங்கள். ஏறுகயிறு 12 அல்லது 13 மி.மீ. என்றால் சிறுகயிறு 8 முதல் 10 மி.மீ. வரை இருக்கலாம். இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் நன்றாகக் கவ்வாது. மிக மெல்லியதாக இருந்தால் கவ்விய பிறகு விடாது. புதிய ஏறுகயிறு பளபளப்பால் முதல் சில நாட்கள் வழுக்கும். அதற்கு ஒரு சுற்று கூட்டிக்கொண்டு தாழ்வில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம் நம் மண். காவிரி வண்டல் மாவுபோல நுண்ணியது. ஈரக்கயிற்றைப் படுகையில் போட்டு இழுத்தால் இழைகளுக்கிடையே குழம்பாக ஏறிக்கொள்ளும். ஆல், அரசு, அத்தி மரங்களின் பாலும் அப்படியே. முதலில் பிசுபிசுக்கும், காய்ந்தால் மெழுகாகும். அந்தக் கயிறு துவைக்காமல் மேலே போகக்கூடாது.

கடைசிக் காரணம்தான் மோசமானது. சிறுகயிற்றின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நெய்த இழை தெரியாமல், கருகி, நகத்தால் தட்டினால் ‘டிக்’ என்று ஒலிக்கும் கண்ணாடிப் பூச்சு தெரிகிறதா? யாரோ வேகமாக இறங்கியதில் இழை உருகி உறைந்திருக்கிறது. அந்தச் சிறுகயிறு அன்றே முடிந்தது. பாலியெஸ்டர் ஏறத்தாழ 250 பாகை செல்சியஸில் உருகும். பாலிபுரொப்பிலீனுக்கு 165 போதும். அராமிட் இழை கலந்த சிறுகயிறு உருகாது, மிக அதிக வெப்பத்தில்தான் கருகும். பிடிமுடிச்சுக்கு அதைத்தான் வாங்கச் சொல்வேன். விலை கூடுதல்தான். மொத்தச் சாமானில் வேறு எங்கு வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இந்த ஒன்றரை மீட்டரில் வேண்டாம்.

முடிச்சு இறுகிவிட்டது, இறங்க முடியவில்லை

மேலே சொன்னதற்கு நேர் எதிர்க் கோளாறு. சுற்று அதிகம், சிறுகயிறு மெல்லியது, அல்லது மழையில் நனைந்து உப்பிவிட்டது. முடிச்சை முறுக்கிப் பிய்க்க முயலாதீர்கள். இடுப்புக் கயிற்றை மாட்டி, காலைக் கிளையில் ஊன்றி, பாரத்தை முடிச்சிலிருந்து எடுங்கள். பாரம் போனதும் முடிச்சின் நடுப்பாலத்தை, அதாவது வளையங்களின்மேல் குறுக்கே ஓடும் துண்டை, விரலால் மேல்நோக்கித் தள்ளினால் விட்டுக்கொடுக்கும். காலை ஊன்ற இடமே இல்லாத வெற்றுவெளியில் தொங்கும்போது இது நடந்தால், மேலே ஒரு நீண்ட வளையத்தைத் தனி முடிச்சாகப் போட்டு அதில் காலை வைத்து எழும்ப வேண்டும். அந்த வளையம் எப்போதும் ஹார்னஸில் தொங்கட்டும். நூறு தடவை தேவைப்படாது, நூற்றோராவது தடவை அதுதான் வழி.

முடிச்சின் வால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது

பிளேக் என்ற இன்னொரு வகைப் பிடிமுடிச்சுப் போடுபவர்களுக்கு மட்டும். நான்கு சுற்று சுற்றி, வால்முனை பாலத்துக்கு, அதாவது முடிச்சிலிருந்து ஹார்னஸுக்கு வரும் துண்டுக்கு, பின்னால் போய், கீழ் இரண்டு சுற்றுகளுக்கு உள்ளே வர வேண்டும். பாலத்தைப் பிடிக்காமல் சும்மா உள்ளே நுழைத்துவிட்டால் பார்வைக்கு அதே முடிச்சுதான்; பாரத்தில் உருண்டு அவிழ்ந்துவிடும். வாலில் தடுப்பாக ‘8’ வடிவ எட்டு முடிச்சு ஒன்று இல்லாமல் இந்த முடிச்சை நம்பக்கூடாது. வால் குறைகிறது என்று தெரிந்தால் அது எச்சரிக்கையின் கடைசி நிலை.

ஏற ஏறக் கயிறு பாரமாகிறது, கவையில் மரத்தூள் உதிர்கிறது

கயிறு நேராகக் கிளையின்மேல் ஓடுகிறது என்று பொருள். இரண்டு பேருக்கும் சேதம்: கயிற்றின் மேலுறை பஞ்சாகும், மரத்தின் பட்டை உரிந்து பச்சை தெரியும். மென்பட்டை மரம் என்றால் சீக்கிரமே தடம் விழுந்துவிடும். இரு முனைகளிலும் இரும்பு வளையம் தைத்த பட்டைவார் ஒன்று கிடைக்கிறது. அதைக் கவையில் போட்டு வளையங்களுக்குள் கயிற்றை ஓடவிட வேண்டும். உரசலும் எப்போதும் ஒரே அளவில் இருக்கும், அதனால் முடிச்சின் நடத்தையும் மாறாது. வாங்கக் கைவசம் பணம் இல்லாதவர்கள் தடித்த தோல்குழாயைப் போடலாம். சாக்கைச் சுற்றிப் போடுவது உதவாது. சாக்கு நகர்ந்து கயிற்றோடு சுருண்டு சிக்கிக்கொள்ளும்.

கட்டிய கிளை முனகுகிறது

பிடித்தாலும் புளியங்கொம்பாகப் பிடி என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை. புளியின் கொம்பு வளையும், நார்விட்டுக் கிழியும், சட்டென்று ஒடியாது. முருங்கையிலும் கல்யாண முருங்கையிலும் ஒதியமரத்திலும் ஆள்பாரத்தைக் கட்டக் கூடாது. நாவல் பார்க்க உறுதியாக இருக்கும், பச்சையாகவே மடார் என்று முறியும். தூங்குமூஞ்சி மரத்தில் நடுத்தண்டை ஒட்டிய கவை நல்லது. பரந்து போகும் கிளையின் நுனிப்பக்கம் வேண்டாம், அதன் சொந்தப் பாரமே அதற்கு அதிகம்.

கவையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பவை: கிளை உயிரோடு இருக்கிறதா, என் முன்னங்கையைவிடத் தடிமனா, அடியில் பொந்தோ காளானோ இருக்கிறதா, கவை ‘ப’ போல விரிந்ததா, இல்லை இரண்டு கிளைகள் ஒட்டி நின்று நடுவே பட்டை மடிந்த கூர்ங்கவையா. கூர்ங்கவை புயலில் பிளக்கும், நம் பாரத்திலும் பிளக்கும்.

கயிறு போட்ட பின் தரையில் நின்று இரண்டு பேராக இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கிப் பாருங்கள். காதைக் கொடுங்கள். காய்ந்த ‘நெறு’ ஓசையும், பொந்துக்குள்ளிருந்து பொடி விழுவதும், இலை நடுங்குவதற்குப் பதில் கிளையே தாழ்வதும் போதுமான பதில்கள்.

இன்னொன்று. ஒற்றைக் கயிற்றில் ஏறும் முறையில் கயிற்றின் ஒரு முனையை அடிமரத்தில் கட்டி, மேலே கவையில் போட்டு, மறுகாலில் ஏறுவார்கள். அப்போது கவைக்கு உங்கள் எடையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பாரம் விழுகிறது. நேற்று இரட்டைக் கயிற்றில் தாங்கிய கிளை இன்று இதில் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கயிறு ரப்பர்போல இழுபடுகிறது, அமர்ந்தால் முழம் கீழே போகிறது

கயிறே தவறானது. இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கடைத்தெருவில் நைலான் கயிறு என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் நைலானே அல்ல. நீலத்திலும் மஞ்சளிலும் பச்சையிலும் வருவது பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். ஒரு சாண் துண்டை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள். மிதந்தால் அந்த வகை. நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மிதக்கும் கயிறு வெயிலில் பொடிந்துபோகும், உரசலில் உருகும். படகுக்கும் பந்தலுக்கும் அது நல்ல கயிறு. ஆளைத் தொங்கவிட அல்ல.

அசல் நைலானிலும் ஒரு சிக்கல் உண்டு. பாறையேறுபவர்கள் விழும்போது அதிர்ச்சியைத் தாங்கவென்று நீளும்படி செய்த கயிறு ஒரு வகை. அதை மரவேலைக்குக் கட்டினால் ஒவ்வோர் அசைவுக்கும் துள்ளுவீர்கள், ரம்பம் பிடித்த கையோடு. நமக்கு வேண்டியது நீளாத வகை. ஐரோப்பியத் தரம் இ.என். 1891, ஏ வகை என்று இருந்தால் நம்பி எடுக்கலாம். அதன் நீட்சி 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முடிச்சில்லாமல் குறைந்தது 22 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ பாரம் தாங்க வேண்டும். அசல் கயிற்றின் வெட்டுமுனையைப் பிரித்தால் உள்ளே மெல்லிய நாடா ஒன்று ஓடும். தரமும் தயாரித்த ஆண்டும் அதில் அச்சாகியிருக்கும். கடைக்காரர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் வேறு கடை.

நூறு கிலோ ஆளுக்கு 2,200 கிலோ எதற்கு என்று அப்பா கேட்டார். தளைநாரும் வெறுங்கையுமாக ஐம்பது ஆண்டு தென்னை ஏறியவர் கேட்ட கேள்வி, நியாயமானதுதான். முடிச்சுப் போட்டவுடன் கயிறு தன் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. நனைந்த நைலான் இன்னும் கொஞ்சம் இழக்கிறது. வெயிலும் வண்டலும் ஆண்டுக்கு ஆண்டு தின்கின்றன. தளர்ந்த கயிற்றில் ஒரு மீட்டர் விழுந்தால் நூறு கிலோ நூறு கிலோவாக நிற்பதில்லை, பல மடங்காக இறங்குகிறது. எல்லாவற்றையும் கழித்த பிறகும் மீதி இருக்க வேண்டும், அதற்குத்தான்.

நீளம்: இரட்டைக் கயிற்றில் 15 மீட்டர் உயரக் கவைக்கு 30 மீட்டர் தரைக்கே சரியாகிவிடும். 45 மீட்டர் வாங்குங்கள். தடிமன் புதியவர்களுக்கு 12 அல்லது 13 மி.மீ.; மெல்லிய கயிறு கையில் நிற்காது.

கயிற்றில் ஓரிடம் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது

கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய சோதனை இது. வேலைக்கு முன் கயிற்றின் ஒரு முனையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக இழுங்கள், 45 மீட்டரும். ஒவ்வொரு முழத்திலும் சிறிய வளைவாக மடித்துப் பாருங்கள். நல்ல கயிறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உருண்டையாக வளையும்.

மடிக்கும்போது ஓரிடத்தில் வளைவு கூர்மையாக, காகிதம்போல மடிந்துவிட்டால் உள்ளிழை அங்கே அறுந்திருக்கிறது. மேலுறை மட்டும் சட்டைபோல நிற்கிறது. மேடு தட்டினால் உள்ளிழை திரண்டு நிற்கிறது. வெளியே எதுவும் தெரியாது, கண் ஏமாறும், விரல் ஏமாறாது. இரண்டில் எது தெரிந்தாலும் கயிறு அப்படியே மேலே போகக் கூடாது; அந்த இடத்தை வெட்டி எறிந்து, மீதி நீளம் போதுமென்றால் மட்டும் பயன்படுத்தலாம்.

மேலே பஞ்சுபோல மயிர் எழும்பியிருப்பது பயப்பட வேண்டியதில்லை. அது ஓரளவு மேலுறை மேலும் தேயாமல் காக்கவும் செய்கிறது. ஆனால் மேலுறையின் ஒரு புரி அறுந்து உள்ளே வெள்ளை தெரிந்தால் நிறுத்துங்கள்.

விறைப்பு என்றால் வண்டல் அல்லது பால். துவைக்க வேண்டும்: 30 பாகைக்கு மேற்படாத தண்ணீர், மிதமான சோப்பு, பல தடவை அலசல், நிழலில் காயப்போடுதல். ஆற்றில் துவைக்காதீர்கள். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும்போது ஆறே வண்டல் கரைசல்தான். அழுக்கை எடுக்கப் போய் அதையே ஏற்றிக்கொண்டு வருவீர்கள். மண்துகள் உள்ளே இருந்தால் ஒவ்வொரு பாரத்திலும் நுண்ணிய அரம்போல இழையை அறுக்கிறது.

நிறம் மாறிய திட்டு, புளிப்பு வாடை, தொட்டால் தூளாகும் இழை: ரசாயனம். டிராக்டர் பேட்டரி வைத்த மூலையில் கயிற்றைப் போட்டீர்களா என்று யோசியுங்கள். அமிலம் நைலானுக்கு எமன். சுண்ணாம்பு போன்ற காரம் பாலியெஸ்டருக்குப் பகை. நம் வீடுகளில் உர மூட்டை, மருந்து தெளிக்கும் டேங்க், வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு, பேட்டரி எல்லாம் ஒரே அறையில்தான் இருக்கும். கயிற்றுக்கு அந்த அறை வேண்டாம். காற்றோட்டமான துணிப்பையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிடுங்கள். ரசாயனம் பட்ட சந்தேகம் இருந்தால் சோதனை ஏதும் செய்ய வேண்டாம், அந்தக் கயிறு போகட்டும்.

கொக்கி கடைசி நூலளவு மூடவில்லை

காராபினர் கொக்கியின் வாயில், அதாவது திறந்து மூடும் நாக்கு, தானாக ‘சடக்’ என்று மூட வேண்டும். மூடாவிட்டால் முக்கால்வாசி வண்டலும் மரத்தூளும்தான். வெந்நீரில் அலசி, காயவைத்து, எண்ணெய்ப் பசை நிற்காத உலர்வகை மசகு ஒரு துளி. தேங்காய் எண்ணெயோ வண்டி ஆயிலோ விட்டால் அன்று திறக்கும், நாளை தூசியைப் பிடித்து முன்னைவிட மோசமாகும். அலசியும் சரியாகவில்லை என்றால் விரிசலோ வளைவோ இருக்கிறது.

வாங்கும்போது முதுகில் பொறித்த எண்களைப் படியுங்கள். நெடுக்காக 20க்கு மேல், குறுக்காக 7 அல்லது 8 என்று கிலோ நியூட்டனில் இருக்கும். அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள்: கொக்கி திரும்பிப் பாரம் குறுக்கே விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு வலுதான். ஒரு கடையில் எண்ணே இல்லாத பளபளப்பான கொக்கியை எனக்குக் கொடுத்தார்கள். வாயில் மூடும் ஓசைகூட அசலைப்போலவே இருந்தது. அதில் இப்போது தண்ணீர்ப் பாட்டில் தொங்குகிறது. ஆள் தொங்கும் இடத்தில் திருகு வாயில் போதாது. கயிறு உரசி உரசித் திருகு கழன்றுவிடும். மூன்று அசைவில் திறக்கும், தானே பூட்டிக்கொள்ளும் வகையை வாங்குங்கள்.

தொடை மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது

மரத்துப்போவது மட்டும் என்றால் தொடைவார் தளர்ந்து உள்பக்கம் ஏறியிருக்கும். இறங்கி, நின்றபடி இறுக்கி, உட்கார்ந்து சரிபாருங்கள். உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் போதும், முஷ்டி நுழையக் கூடாது. கட்டட வேலைக்கு விற்கும் முதுகுவளையப் பட்டை விழுந்தால் தாங்குவதற்கானது. அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. மரத்துக்கு இடுப்பும் தொடையும் அகலமான, முன்னால் இணைக்கும் உட்காரும் வகை வேண்டும்.

தலை சுற்றல், வியர்வை, குமட்டல், முகம் வெளுப்பு சேர்ந்து வந்தால் விஷயமே வேறு. அசையாமல் ஹார்னஸில் தொங்குபவருக்கு ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களில் நினைவு தப்பலாம். கால்களை அசைக்கச் சொல்லுங்கள், எதையாவது மிதிக்கச் சொல்லுங்கள், உடனே இறக்குங்கள். இறக்கியதும் படுக்கவைத்து 108க்கு அழையுங்கள். இதற்காகத்தான் தரையில் இன்னொரு ஆளும் இன்னொரு கயிறும் இல்லாமல் நான் ஏறுவதில்லை. அந்த ஆள் ஏறத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் நிற்கிறாரே என்றால் கணக்கில் சேராது.

தென்னையில் இடுப்புக் கயிறு மேலே போகப் போக நழுவுகிறது

தென்னை மேலே சிறுக்கிறது. அடியில் சரியாக இருந்த வளையம் பத்து மீட்டரில் தொளதொளக்கும். அளவு மாற்றும் பிடி உள்ள இடுப்புக் கயிறு வேண்டும், ஒவ்வொரு இரண்டு மூன்று மீட்டருக்கும் சுருக்க வேண்டும். காலால் மிதித்து ஏறும் தென்னை ஏறும் கருவிக்கும் இதே விதி. அதன் கம்பிவளையத்தை இறுக்காமல் ஏறினால் மேலே போய்ச் சாயும். வடகிழக்குப் பருவமழையில் தண்டில் பச்சைப் பாசி படிந்துவிடும். காயும்வரை காத்திருப்பதைத் தவிர அதற்கு மருந்தில்லை.

கொண்டையில் மட்டையில் கயிற்றைக் கட்டாதீர்கள். மட்டை தன் காலம் வந்தால் பன்னாடையோடு கழன்று வரும். கொண்டைக்குக் கீழே தண்டைச் சுற்றி, இரண்டு சுற்றாகப் பட்டைவாரைப் போட்டு அதில் கட்டுங்கள்.

காலில் கட்டும் இரும்பு முள்ளைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள், வழுக்காதே என்று. வெட்டி வீழ்த்தப்போகும் மரத்துக்கு மட்டும்தான் அது. புளிக்கும் வேம்புக்கும் காயத்தை மூடி வளரும் திசு பட்டைக்கடியில் இருக்கிறது; தென்னைக்கும் பனைக்கும் அது கிடையாது. ஒரு தடவை குத்திய ஓட்டை மரம் சாகும்வரை ஓட்டைதான். அந்தக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும், புழு உள்ளே தின்னும். கஜாவில் தப்பிய தென்னையை முள்ளுக்குப் பலி கொடுக்க வேண்டாம்.

கிளை நுனிக்குப் போனால் ஊஞ்சலாக இழுக்கிறது

கவைக்கு நேர்கீழே இல்லாமல் பக்கவாட்டில் போய்விட்டீர்கள். கால் வழுக்கினால் அடிமரத்தில் போய் மோதுவீர்கள். கவையை உயர்த்துங்கள், அல்லது வழியில் இன்னொரு கவையில் கயிற்றைத் திருப்பிவிடுங்கள். நுனியில் ரம்பத்தைத் தொடும் முன் இடுப்புக் கயிறு மாட்டியிருக்க வேண்டும். பாரத்தில் விறைத்து நிற்கும் கயிற்றைக் கைரம்பத்தின் ஒரு பல் தொட்டாலே போதும், வெள்ளரிப்பிஞ்சுபோல அறுந்துவிடும். அதனால் எப்போதும் இரண்டு பிடி.

இறங்கும்போது கயிறு தரைக்கு எட்டவில்லை

கீழே பார்க்காமல் இறங்கி, கயிற்றின் முனை முடிச்சைத் தாண்டி ஓடிவிட்டால் அங்கிருந்து விழுவதுதான். ஏறும் முன்பே தொங்குமுனையில் ஓர் எட்டு முடிச்சுப் போடுங்கள். அவ்வளவுதான், பத்து நொடி வேலை.

இறங்கியபின் கயிறு மேலே சிக்கிக்கொண்டது

முனையில் முடிச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிக் கேஸ் அதுதான். பிறகு எதிர்ப்பக்கம் போய்ச் சுண்டுங்கள். வரவில்லையென்றால் 300 கிராம் எறிபையோடு மெல்லிய எறிநூலை வேறு கவையில் போட்டு, வேறு கயிற்றில் ஏறி எடுங்கள். சிக்கிய கயிற்றிலேயே ஏறி எடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எது பிடித்திருக்கிறது என்று தெரியாத பிடியில் தொங்குவது அது.

மரத்தில் ரீங்காரம் கேட்கிறது, அல்லது கம்பி பக்கத்தில் இருக்கிறது

கதண்டுக் கூடு என்றால் அன்று வேலை இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது. மாவிலும் கொய்யாவிலும் முசுறு கூட்டை முதலில் தேடுங்கள், கடித்தால் அனிச்சையாகக் கை முடிச்சை இழுத்துத் தளர்த்திவிடும். மின்கம்பி மூன்று மீட்டருக்குள் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி நிறுத்திய பிறகுதான். ஈரக்கயிறு மின்சாரம் கடத்தும். உள்ளே இரும்புக்கம்பி ஓடும் இடுப்புக் கயிறு காய்ந்திருந்தாலும் கடத்தும்.

சாமான் பழையதாகிவிட்டது, எப்போது விடுவது

இழையால் செய்த சாமானுக்குப் பல தயாரிப்பாளர்கள் அதிகபட்சம் பத்து ஆண்டு என்கிறார்கள், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும். தினமும் ஏறுபவருக்கு அது இரண்டு மூன்று ஆண்டிலேயே முடியலாம். ஹார்னஸில் வேறு நிறத்தில் தைத்திருக்கும் தையல்களைப் பாருங்கள். ஒரு தையல் விட்டிருந்தாலும் ஓய்வுதான். கடுமையான விழுதல் ஒன்றைத் தாங்கிய கயிறும் கொக்கியும் எவ்வளவு புதிதானாலும் ஓய்வு.

என்னுடைய முதல் ஏறுகயிற்றை விட்டபோது, நல்ல கயிறாயிற்றே என்று முழுதாகப் பக்கத்து வீட்டில் கன்றுக்குட்டி கட்டக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, புது ஆற்றுக் கரையில் ஒரு பனைமரத்தின் பாதி உயரத்தில் அதைப் பார்த்தேன், இருபது வயதுகூட ஆகாத ஒரு பையனின் இடுப்பில். உள்ளிழை அறுந்த இடத்தில் நான் மையால் போட்டிருந்த வட்டம் அவன் முதுகுக்குப் பின்னால் வெயிலில் தெரிந்தது. கத்தவில்லை, கத்தினால் பயந்து கையை விட்டுவிடுவான். அடியில் நின்று, “தம்பி, மெதுவாக இறங்கி வா, ஒரு சேதி சொல்ல வேண்டும்” என்றேன். அவன் தரைக்கு வரும்வரை அந்த வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஓய்வு கொடுக்கும் கயிறு எதுவானாலும், கொடுவாளால் இரண்டு முழத் துண்டுகளாக வெட்டிவிட்டுத்தான் கையைவிட்டுக் கொடுக்கிறேன்.